முதலில் குண்டு பல்பு, அப்புறம்தான் ஐ.சி.: வீட்டில் கட்டிய ஆம்ப்ளியின் பழுதுகள், அறிகுறி வாரியாக

ஆடி பிறந்துவிட்டால் அம்மன் கோயிலில் கூழ் காய்ச்சும் முன்பே எங்கள் வீட்டுத் திண்ணையில் பாட்டுச் சத்தத்தைக் கூட்டும் ஆம்ப்ளிஃபயர்கள், எங்கள் வாயில் ஆம்ப்ளிகள், வந்து உட்கார்ந்துவிடும். நான் மெக்கானிக் இல்லை, பிழைப்புக்கு வேறு வேலை. பள்ளிக்கூட நாளில் 4440 என்ற ஆம்ப்ளி ஐ.சி.யை வைத்து ஒரு செட் கட்டினேன். அன்று பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. கடலூர் முதுநகரில் இப்படி நான்கைந்து பேர் இருக்கிறோம். ஒருவர் செட்டில் கோளாறு என்றால் இன்னொருவர் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவோம்.

வருகிறவர்களில் பாதிப் பேர் புது ஐ.சி.யோடுதான் வருவார்கள். “ஐ.சி. போயிடுச்சுண்ணா, வாங்கியாந்துட்டேன், மாத்தி மட்டும் குடுங்க.” திறந்து பார்த்தால் ஐ.சி. நன்றாக இருக்கும், பக்கத்தில் ஒரு வயர் விட்டுப்போயிருக்கும். வயரை ஒட்டாமல் ஐ.சி.யை மாற்றினால் செட் பேசாது. வயர் தப்பான இடத்தில் உரசிக்கொண்டிருந்தால் புது ஐ.சி.யும் போய்விடும். அதனால் நோட்டில் ஒரு வரிசை எழுதி வைத்தேன்: எந்த அறிகுறிக்கு முதலில் எதைத் தொடுவது, எங்கே நிறுத்துவது. அதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

தொடங்கும் முன்

சீரிஸ் பல்பு இல்லாமல் எந்தச் செட்டையும் கரண்டில் மாட்டாதீர்கள். ஒரு பலகையில் ஒரு ஹோல்டர், ஒரு சாக்கெட், அவ்வளவுதான். ஃபேஸ் வயர் பல்பு வழியாகச் சுற்றிக்கொண்டு சாக்கெட்டுக்குப் போக வேண்டும். நியூட்ரலும் எர்த்தும் நேராகப் போகட்டும். 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு வேண்டும், எல்.இ.டி. இதற்கு ஆகாது. ஆம்ப்ளியை அந்தச் சாக்கெட்டில் செருகி ஸ்விட்சைப் போட்டால் பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்க வேண்டும். மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். கரண்டைப் பல்பே தின்றுவிடுவதால் பாகங்கள் பிழைக்கும். ஷாக்கிலிருந்து மட்டும் பல்பு உங்களைக் காப்பாற்றாது, அதை மறக்க வேண்டாம்.

அணைத்த பிறகும் கண்டன்சரில் சார்ஜ் இருக்கும். 1 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரின் இரண்டு காலிலும் வயர் ஒட்டி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெரிய கண்டன்சரிலும் ஒரு நிமிடம் பிடியுங்கள். 10,000 மைக்ரோஃபாரட் என்றாலும் அடங்கிவிடும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் அடிக்கும் பழக்கம் எனக்கும் இருந்தது. என் நல்ல ஸ்க்ரூடிரைவரின் நுனியில் எலி கடித்த மாதிரி ஒரு பள்ளம் இருக்கிறது, அது அந்தக் காலத்து ஞாபகம்.

இன்னொன்று. பழுதுள்ள செட்டில் முதலில் ஸ்பீக்கரை மாட்டாதீர்கள். ஸ்பீக்கர் முனையில் மீட்டரை வைத்துப் பாருங்கள், அப்புறம் ஸ்பீக்கர்.

ஸ்விட்ச் போட்டதும் ஃபியூஸ் போகிறது, அல்லது பல்பு மங்கவே இல்லை

ஃபியூஸுக்குப் பதில் செம்புக் கம்பியைச் சுற்றி ஓட்டிப் பார்ப்பது நம் ஊர் வழக்கம். செய்யாதீர்கள். ஃபியூஸ் போனதே ஒரு தகவல்.

டிரான்ஸ்பார்மரிலிருந்து ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு வாருங்கள். முதலில் செகண்டரி (போர்டுக்குப் போகும் குறைந்த வோல்ட் பக்கம்) வயர்களை எல்லாம் கழற்றிவிட்டு, டிரான்ஸ்பார்மரை மட்டும் சீரிஸ் பல்பில் போடுங்கள். அப்போதே பிரகாசமாக எரிந்தால் டிரான்ஸ்பார்மரின் உள்ளே ஷார்ட், அல்லது பிரைமரி (230 வோல்ட் பக்கம்) எது செகண்டரி எது என்று மாற்றிக் கொடுத்திருக்கிறீர்கள். பாண்டி சண்டே மார்க்கெட்டில் காந்தி வீதியில் வாங்கிய பழைய டிரான்ஸ்பார்மரில் எழுத்து அழிந்திருக்கும், இந்தத் தப்பு நடப்பது அதில்தான். கரண்ட் கொடுக்கும் முன் மீட்டரில் ஓம் பாருங்கள். 230 வோல்ட் பக்கத்தில் ரெசிஸ்டன்ஸ் கூடுதலாக, பல ஓம் இருக்கும். செகண்டரியில் கிட்டத்தட்ட ஷார்ட் மாதிரி, ஒரு ஓமுக்கும் கீழே காட்டும்.

டிரான்ஸ்பார்மர் நன்றாக இருந்தால் பிரிட்ஜை (ஏ.சி.யை டி.சி. ஆக்கும் நான்கு டையோடு) மட்டும் சேருங்கள். இப்போது பல்பு எரிந்தால் டையோடு ஷார்ட். அதற்கு அடுத்து கண்டன்சர்கள். புதிதாகக் கட்டிய செட்டில் கண்டன்சர் தலைகீழாக ஒட்டப்பட்டிருப்பது அபூர்வமில்லை. டூயல் சப்ளையில் (பாசிட்டிவ், கிரவுண்டு, நெகட்டிவ் என்று மூன்று லைன்) நெகட்டிவ் பக்கத்துக் கண்டன்சரின் பாசிட்டிவ் கால்தான் கிரவுண்டுக்குப் போக வேண்டும். இரண்டையும் ஒரே மாதிரி நிற்க வைத்து ஒட்டிவிடுவார்கள். உச்சி உப்பியிருந்தாலோ, அடியில் ஈரம் கசிந்திருந்தாலோ மீட்டரே வேண்டாம், தூக்கிப் போடுங்கள்.

இது வரை சரி, போர்டைச் சேர்த்தால்தான் பல்பு எரிகிறது என்றால் ஐ.சி.யைக் குற்றம் சொல்லும் முன் மைக்காவைப் பாருங்கள். ஐ.சி.க்கும் அதன் சூட்டை வாங்கும் ஹீட் சிங்குக்கும் நடுவில் கரண்ட் தாண்டாமல் வைக்கும் மெல்லிய தகடு அது. 12 வோல்ட் சிங்கிள் சப்ளையில் 4440 கட்டிப் பழகிய கை, மைக்கா போடாமலேயே ஹீட் சிங்கில் திருகிவிடும். அங்கே அது ஓடும். டிடிஏ 2030, டிடிஏ 7294 என்ற ஐ.சி.களில் முதுகுத் தகடு நெகட்டிவ் சப்ளையோடு சேர்ந்தது. டூயல் சப்ளை கொடுத்து, ஹீட் சிங்கை இரும்புப் பெட்டியில் திருகினால் நெகட்டிவ் லைன் நேராக கிரவுண்டுக்குப் போய்விடும். மீட்டரைக் கண்டின்யூட்டியில் வைத்து ஐ.சி. தகட்டையும் ஹீட் சிங்கையும் தொடுங்கள். பீப் வரக் கூடாது. மைக்கா இருந்தும் பீப் வந்தால் திருகைக் கழற்றுங்கள். ஹீட் சிங்கில் துளை போட்டபோது எழுந்த பிசிறு மைக்காவைக் குத்தியிருக்கும், அல்லது திருகுக்குப் போடும் பிளாஸ்டிக் புஷ் நசுங்கியிருக்கும். துளையின் விளிம்பைப் பெரிய டிரில் பிட்டால் கையாலேயே இரண்டு சுற்று சுற்றினால் பிசிறு போய்விடும்.

ஐ.சி.க்குப் பதில் 5200, 1943 என்ற டிரான்சிஸ்டர் ஜோடி உள்ள போர்டாக இருந்தால் மீட்டரை டையோடு நிலையில் வைத்து, அவுட்புட் டிரான்சிஸ்டர்களின் நடுக் காலுக்கும் எமிட்டருக்கும் நடுவில் இரண்டு திசையிலும் பாருங்கள். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டுவது செத்தது. அதை மட்டும் மாற்றிவிட்டு ஸ்விட்சைப் போடாதீர்கள். கூடவே டிரைவர் டிரான்சிஸ்டர், எமிட்டரில் உள்ள 0.22 ஓம் ரெசிஸ்டர், பேஸ் ரெசிஸ்டர் எல்லாம் பார்த்தாக வேண்டும். இல்லாவிட்டால் புது ஜோடி ஒரு நொடிகூட நிற்காது. டிரான்சிஸ்டர் மலிவாகக் கிடைக்கிறதே என்று மகிழ வேண்டாம், போலியாக இருக்கலாம். எனக்குக் கிடைத்த ஒரு செட் 5200 சின்னச் சத்தத்தில் ஓடியது, கூட்டியதும் போய்விட்டது. கட்டிங் பிளேயரால் உடைத்துப் பார்த்தேன். அவ்வளவு பெரிய உடம்புக்குள் கடுகு மாதிரி ஒரு சில்லு.

எல்லாம் சரியாக இருந்தும் ஐ.சி.தான் போயிருக்கிறது என்றால் ஏன் போனது என்று கேளுங்கள். பெரும்பாலும் வோல்ட் அதிகம். 24-0-24 டிரான்ஸ்பார்மர் (நடு வயரின் இரண்டு பக்கமும் 24 வோல்ட்) டி.சி.யில் 33 வோல்ட்டுக்கு மேலே வரும், லோடு இல்லாதபோது இன்னும் கூடும். அது டிடிஏ 7294-க்குப் போதும். சத்தம் பத்தவில்லை என்று 30-0-30 மாட்டினால் 42 வந்துவிடும், அந்த ஐ.சி. வேலை செய்யும்போது தாங்குவது 40 தான். நடு ராத்திரி லைனில் வோல்ட் ஏறும், அதையும் கணக்கில் வையுங்கள்.

கடைக்கு எப்போது: டிரான்ஸ்பார்மர் மட்டும் மாட்டியே பல்பு எரிந்தாலோ, வார்னிஷ் கருகிய வாசனை வந்தாலோ வைண்டிங் கடைக்குத்தான். அதை வீட்டில் பிரிக்க முயலாதீர்கள்.

ஸ்விட்ச் போட்டதும் ‘டொப்’, கோன் ஒரு பக்கமாக நின்றுவிடுகிறது

உடனே அணையுங்கள். மற்ற எந்தப் பழுதுக்கும் காத்திருக்கலாம், இதற்கு முடியாது. ஸ்பீக்கருக்கு டி.சி. போகிறது, காயில் கருகிவிடும்.

ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு சீரிஸ் பல்போடு ஆம்ப்ளியைப் போட்டு, ஸ்பீக்கர் முனையில் டி.சி. அளவைப் பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. 100 வரை ஓட்டலாம். அரை வோல்ட்டைத் தாண்டினால் ஸ்பீக்கரை மாட்டாதீர்கள்.

30 வோல்ட்டுக்கு மேல், அதாவது சப்ளை முழுக்க அப்படியே வருகிறதா? முதலில் பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டு சப்ளையும் போர்டு வரை வந்து சேர்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கத்து ஃபியூஸ் போயிருந்தால் அவுட்புட் மற்றப் பக்கம் சாய்ந்துவிடும். இதற்குச் செலவு ஒரு ஃபியூஸ். அடுத்து டிரான்ஸ்பார்மரின் நடு வயர். அது கிரவுண்டில் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று லேசாக இழுத்துப் பாருங்கள். இரண்டும் சரி என்றால் அந்தப் பக்கத்து அவுட்புட் டிரான்சிஸ்டரோ ஐ.சி.யோ ஷார்ட்.

ஒன்று, இரண்டு, மூன்று வோல்ட் என்று நடுவாந்திரமாக வருகிறதா? ஃபீட்பேக் லைனில் (அவுட்புட்டிலிருந்து இன்புட் பக்கம் திரும்பும் வழி) கிரவுண்டுக்கு நிற்கும் சின்ன கண்டன்சரை, 22 அல்லது 47 மைக்ரோஃபாரடாக இருக்கும், மாற்றுங்கள். பழைய செட்டில் அது கசியும். இன்புட்டில் இருக்கும் கண்டன்சரும் அப்படித்தான். இரண்டும் சேர்ந்து பத்து இருபது ரூபாய்க்கு மேல் போகாது.

கூட்டில் பத்தாயிரம் ரூபாய் ஸ்பீக்கர் இருந்தால், டி.சி. வந்தால் ஸ்பீக்கரைத் துண்டித்துவிடும் ரிலே வைத்த ஸ்பீக்கர் புரொடெக்‌ஷன் போர்டு இல்லாமல் டூயல் சப்ளை ஆம்ப்ளியை ஓட்டாதீர்கள். காயில் கருகிய பிறகு வீட்டில் செய்ய ஒன்றும் இல்லை. கோன் மாற்றும் கடைக்குத்தான் போக வேண்டும்.

உயிரே இல்லை, அல்லது விளக்கு எரிகிறது, பாட்டு இல்லை

மெயின் ஃபியூஸ், ஸ்விட்ச், பவர் கார்டு. இந்த மூன்றையும் பார்க்காமல் போர்டுக்குப் போகாதீர்கள். கார்டு பிளக்குக்குப் பக்கத்தில் வளையும் இடத்தில் உள்ளே அறுந்திருக்கும்.

சப்ளை சரியாக இருந்தும் பேசவில்லை என்றால் டிடிஏ 7294 போர்டில் 9, 10 ஆம் கால்களைப் பாருங்கள். ஸ்டாண்ட்பை, மியூட் இரண்டும் அங்கேதான். கிரவுண்டிலிருந்து மூன்றரை வோல்ட்டுக்கு மேல் அவற்றில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஐ.சி. தூங்கிக்கொண்டிருக்கிறது. அங்கே போகும் ரெசிஸ்டரின் ஈயம் விட்டிருக்கும்.

‘டுப் டுப் டுப்’ என்று மோட்டார் படகு மாதிரி அடித்துக்கொண்டிருந்தால் சப்ளை பத்தவில்லை. 4440 செட்டை 1 ஆம்பியர் அடாப்டரில் ஓட்டினால் இப்படி வரும். 3 ஆம்பியருக்கு மாற்றிப் பாருங்கள்.

ப்ளூடூத் பேனல் மட்டும் அடிக்கடி அணைந்து உயிர் வருகிறதா? 33 வோல்ட்டிலிருந்து நேராக 7805 (5 வோல்ட் தரும் ரெகுலேட்டர்) போட்டிருப்பார்கள். அதன் உச்சவரம்பே 35 வோல்ட், அந்த வித்தியாசம் எல்லாம் சூடாகத்தான் வெளியேறும். தொட்டால் விரல் பொசுங்கும். தனியாக ஒரு சின்ன டிரான்ஸ்பார்மரோ மொபைல் சார்ஜரோ கொடுத்துவிடுங்கள்.

‘ஊம்ம்’ என்ற ஹம்மிங்

என்னிடம் வருகிற செட்டில் அதிகம் இதுதான், நேரத்தை அதிகம் தின்பதும் இதுதான். பாகங்களை மாற்றிக்கொண்டே போனால் தீராது. இரண்டு சோதனை செய்தால் பழுது எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

ஒரு ஆர்.சி.ஏ. பின்னை எடுத்து நடு முனையையும் உடம்பையும் சேர்த்து ஈயம் வையுங்கள். இந்த ஷார்ட் பின்னை ஆம்ப்ளியின் இன்புட்டில் செருகி, வால்யூமை ஏற்றி இறக்கிக் கேளுங்கள்.

ஷார்ட் பின் போட்டதும் ஹம்மிங் நின்றுவிட்டால்

ஆம்ப்ளி குற்றவாளி இல்லை. பாட்டு எங்கிருந்து வருகிறதோ அங்கே பாருங்கள். போனோ லேப்டாப்போ சார்ஜரில் இருந்தால் சார்ஜரைப் பிடுங்குங்கள், பாதி வழக்கு அங்கேயே முடியும். அடுத்து ஷீல்டு வயர், அதாவது மேலே பின்னல் உறை போட்ட ஆடியோ வயர். ஷீல்டு ஒரு முனையில் விட்டுப்போயிருக்கும்.

முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு நண்பர் இரண்டு தடவை பஸ்ஸில் ஆம்ப்ளியை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். என் வீட்டில் வைத்தால் சத்தமே இல்லை. “உங்க வீட்ல மட்டும் நல்ல புள்ளையா இருக்குதே” என்று தலையில் அடித்துக்கொண்டார். மூன்றாம் தடவை நான் பாண்டிக்குப் போனேன். ஷார்ட் பின் போட்டதும் அமைதி. டி.வி.யிலிருந்து வரும் ஆடியோ வயரைச் செருகினால் ஊம்ம். செட்டாப் பாக்ஸின் பின்னால் திருகியிருந்த கேபிள் வயரைக் கழற்றினேன், நின்றுவிட்டது. தெருக் கம்பத்திலிருந்து வரும் கேபிளின் மேல் உறையும் வீட்டு எர்த்தும் இரண்டு வழியாக ஆம்ப்ளிக்குள் வந்து சேர்ந்துகொண்டிருந்தன. ஆடியோ வயருக்கு நடுவில் ஒரு சின்ன ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் போட்டோம். மூன்று மாதம் அவர் மாற்றிய கண்டன்சர்கள் எல்லாம் இப்போது என் டப்பாவில் இருக்கின்றன.

ஆம்ப்ளிக்குள்ளேயே ப்ளூடூத் பேனல் இருந்தால் ஹம்மிங்குக்குப் பதில் ‘கீர்ர்ர்’ என்று பாட்டுக்கு இடையில் ஒரு சத்தம் வரும். பேனலுக்கும் ஆம்ப்ளிக்கும் கிரவுண்டு இரண்டு வழியில் சேர்வதுதான் காரணம். பேனலுக்குத் தனி சப்ளை கொடுத்து, கிரவுண்டை ஆடியோ ஷீல்டு வழியாக மட்டும் சேருங்கள்.

ஷார்ட் பின் போட்டும் நிற்கவில்லை, வால்யூமோடு கூடிக் குறைகிறது என்றால்

வால்யூம் கண்ட்ரோலின் இரும்பு உடம்பை விரலால் தொடுங்கள். ஹம்மிங் மாறினால் அதன் உடம்பு கிரவுண்டில் இல்லை. பிளைவுட் பெட்டியில் கட்டியவர்களுக்கு இது கட்டாயம் வரும். உடம்பின் முதுகை உப்புத்தாளால் கொஞ்சம் தேய்த்து, ஒரு வயரை ஒட்டி கிரவுண்டுக்குக் கொடுங்கள். தேய்க்காமல் ஈயம் பிடிக்காது. டோன் போர்டு (பாஸ், டிரபிள் திருப்பும் போர்டு) டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில் இருந்தால் தள்ளி வையுங்கள். தள்ள இடம் இல்லையா, டிரான்ஸ்பார்மரைக் கால் சுற்று திருப்பிப் பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே திருகைத் தளர்த்திக் கையால் திருப்புகிறவர்கள் உண்டு. அணைத்துவிட்டுத் திருப்புங்கள், மெயின்ஸ் வயர் அங்கேதான் இருக்கிறது.

வால்யூம் பூஜ்யத்திலும் அதே அளவு ஹம்மிங் என்றால்

பவர் சப்ளை, அல்லது கிரவுண்டு வயர் போட்ட விதம். கிரவுண்டு வயர்தான் முதல் சந்தேகம். டிரான்ஸ்பார்மரின் நடு வயரும் இரண்டு பெரிய கண்டன்சர்களும் சேரும் இடத்தில் கண்டன்சரை நிரப்பும் கரண்ட் துடித்துக்கொண்டு ஓடும். இன்புட் கிரவுண்டை அந்த வழியில் எங்காவது ஒட்டினால் அந்தத் துடிப்பு அப்படியே ஸ்பீக்கரில் கேட்கும். கண்டன்சர் சேர்க்கையிலிருந்து தடித்த வயர் ஒன்றை இரண்டு அங்குலம் தள்ளி ஒரு புள்ளிக்குக் கொண்டு வாருங்கள். இன்புட், போர்டு, ஸ்பீக்கரின் நெகட்டிவ் எல்லாம் அந்தப் புள்ளிக்குத் தனித்தனி வயரில் வரட்டும். ஒரு சாயங்காலம் ஆகும், காசு ஆகாது.

வயர் எல்லாம் ஒழுங்கு, இருந்தும் கேட்கிறது என்றால் கண்டன்சர் காய்ந்திருக்கலாம், அல்லது பிரிட்ஜில் ஒரு டையோடு ஓப்பன். சப்ளையில் மீட்டரை ஏ.சி. நிலையில் வைத்துப் பாருங்கள். பாட்டு இல்லாதபோது அரை வோல்ட்டுக்கு மேல் ஏ.சி. இருந்தால் இவற்றில் ஒன்று. ஆனால் மலிவான மஞ்சள் மீட்டர்கள் ஏ.சி. நிலையில் டி.சி.யையும் சேர்த்து அளந்து 70 வோல்ட் என்று பயமுறுத்தும். மீட்டரின் சிவப்பு முனைக்கு முன்னால் 0.1 மைக்ரோஃபாரட் கண்டன்சர் ஒன்றைச் சேர்த்துவிட்டு அளந்தால் சரியாகிவிடும்.

எர்த் பின்னைப் பிடுங்கினால் ஹம்மிங் போகிறது என்று யாராவது சொல்வார்கள். போகலாம். இரும்புப் பெட்டியில் கரண்ட் கசிந்தால் அன்றைக்குப் போவது நீங்கள். வீட்டு எர்த்தே சரியில்லை என்று சந்தேகம் வந்தால் வயர்மேனைக் கூப்பிடுங்கள், அது நம் வேலை கிடையாது.

ஸ்பீக்கரில் இல்லாமல் டிரான்ஸ்பார்மரே உறுமினால் அதன் இரும்புப் பட்டைகள் தளர்ந்திருக்கும். திருகை இறுக்குங்கள். அதற்கும் நிற்காவிட்டால் வைண்டிங் கடையில் வார்னிஷ் ஊற்றித் தருவார்கள்.

சத்தம் கூட்டினால் கிழிகிறது

முதலில் வேறு ஸ்பீக்கர் மாட்டிப் பாருங்கள். பழைய ஸ்பீக்கரின் கோனை இரண்டு கைக் கட்டைவிரலாலும் சமமாக மெல்ல அழுத்தினால் ‘சர்’ என்று உரசும் சத்தம் வரக் கூடாது. நம் ஊரில் கடல் காற்று பட்டுக் காயில் ஓடும் இடுக்கில் துரு ஏறிவிடும். தேவனாம்பட்டினத்தில் வாசலில் வைத்த ஸ்பீக்கர்களில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஸ்பீக்கர் நன்றாக இருந்தால் எத்தனை ஸ்பீக்கர் என்று எண்ணுங்கள். 4 ஓம் இரண்டை இணையாக மாட்டினால் 2 ஓம் ஆகிவிடும். பெரும்பாலான சிப் ஆம்ப்ளிகள் (ஒரே ஐ.சி.யில் அடங்கிய ஆம்ப்ளி) அதைத் தாங்காது, எல்எம் 3886 என்ற ஐ.சி. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் படபடவென்று வெடிக்கிற மாதிரி சத்தம் போடும்.

அதுவும் இல்லை என்றால், பாட்டு ஓடும்போது சப்ளை வோல்ட்டைப் பாருங்கள். பாஸ் அடிக்கும்போதெல்லாம் 33 வோல்ட் 24-க்கு இறங்கினால் டிரான்ஸ்பார்மர் சின்னது. கிட் அட்டையில் போட்டிருக்கும் வாட்டை நம்பி 2 ஆம்பியர் டிரான்ஸ்பார்மர் வாங்கியிருப்பீர்கள். இதற்குச் செலவு செய்துதான் ஆக வேண்டும். ஒரு பக்கச் சப்ளை மட்டும் இறங்கினால் செலவு குறைவு: அந்தப் பக்கத்துக் கண்டன்சரோ டையோடோதான்.

தொட முடியாத சூடு

பாட்டு ஓடும்போது சூடா, சும்மா இருக்கும்போதே சூடா என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

ஓடும்போது மட்டும் என்றால் ஹீட் சிங்க் சின்னது, அல்லது பேஸ்ட் தப்பு. பேஸ்ட்டைத் தோசைக்கு வெண்ணெய் தடவுவதுபோல் அப்பக் கூடாது. மைக்காவின் இரண்டு பக்கமும் மெல்லிய படலமாகப் போதும். ஹீட் சிங்க் நன்றாகச் சுட்டு ஐ.சி.யும் சுட்டால் ஹீட் சிங்க் பத்தவில்லை. ஐ.சி. மட்டும் கொதித்து ஹீட் சிங்க் குளிர்ந்திருந்தால் திருகு தளர்வு.

சும்மா இருக்கும்போதே சூடு என்றால் டிரான்சிஸ்டர் போர்டில் பயாஸ், அதாவது பாட்டு இல்லாதபோதும் ஓடும் கரண்ட், அதிகம். எமிட்டரில் உள்ள 0.22 ஓம் ரெசிஸ்டரின் இரண்டு முனையிலும் மில்லிவோல்ட் அளந்து, 11 வரும்படி ப்ரீசெட்டை (போர்டில் உள்ள சின்னத் திருகு ரெசிஸ்டர்) திருப்புங்கள். அது 50 மில்லி ஆம்பியர். கால் மணி நேரம் ஓடவிட்டு மறுபடியும் அளக்க வேண்டும், சூடேறியதும் அளவு ஏறும்.

சிப் போர்டில் பயாஸ் திருப்ப ப்ரீசெட் கிடையாது. அது சும்மா சூடானால் காதுக்குக் கேட்காத அலைவில் தானே கத்திக்கொண்டிருக்கிறது என்று பொருள். அவுட்புட்டில் 10 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் கண்டன்சரும் ஜோடியாக இருக்கும். அந்த 10 ஓம் கருத்திருந்தால் சாட்சி அதுதான். பழைய மீடியம் வேவ் ரேடியோவைப் பக்கத்தில் வைத்து முள்ளைத் திருப்பிப் பாருங்கள். ஆம்ப்ளியைப் போட்டதும் எங்காவது புதிதாகச் சீட்டி கேட்டால் உறுதி. ஐ.சி. காலை ஒட்டி இரண்டு சப்ளைக்கும் 0.1 மைக்ரோஃபாரட் போடுங்கள், இன்புட் வயரையும் ஸ்பீக்கர் வயரையும் சேர்த்துக் கட்டியிருந்தால் பிரியுங்கள். இரண்டு தடவை ஐ.சி. மாற்றியும் இதே கதை என்றால் போர்டையே மாற்றுவது மலிவு. ஆசிலோஸ்கோப் இல்லாமல் இதைத் துரத்திக்கொண்டிருக்க முடியாது.

கரகரப்பு, போன் இரைச்சல்

வால்யூமைத் திருப்பும்போது மட்டும் கரகர என்றால் கான்டாக்ட் கிளீனர் அடித்து இருபது தடவை திருப்புங்கள். ஒரு மாதத்தில் திரும்பி வந்தால் மாற்றிவிடுங்கள். போன் மணி அடிக்கும் முன் ‘டடட் டடட்’ வந்தால் போனைத் தள்ளி வையுங்கள், அவ்வளவுதான்.

ஒரு பக்கம் வருகிறது, போகிறது

உள்நாட்டில் இருப்பவர்களுக்கு இந்தப் பகுதி அவ்வளவு தேவைப்படாது. கடலூருக்கும் பாண்டிக்கும் இதைத்தான் முதலில் படிக்கச் சொல்வேன்.

இடது, வலது வயர்களை இன்புட்டில் மாற்றிச் செருகுங்கள். பழுதும் பக்கம் மாறினால் அது முன்னால், பாட்டு வரும் இடத்தில். மாறாவிட்டால் ஆம்ப்ளியிலோ ஸ்பீக்கரிலோ. ஸ்பீக்கர் வயரையும் அதே மாதிரி மாற்றிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

ஆம்ப்ளிதான் என்றால் மூடியைத் திறந்து, வெளிச்சத்தில் ஒரு தடவை நிதானமாகப் பாருங்கள். ஸ்பீக்கர் முனையில் பச்சைக் களிம்பு, ஆர்.சி.ஏ. சாக்கெட்டில் வெள்ளைப் பொடி, சால்டர் புள்ளியைச் சுற்றி மெல்லிய வளையமாக ஒரு விரிசல். காய்ந்த மூங்கில் குச்சியால் ஒவ்வொரு பாகத்தையும் மெல்ல ஆட்டுங்கள். எதை ஆட்டும்போது சத்தம் விட்டு வருகிறதோ அங்கே ஈயத்தை உருக்கி எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள். பழைய ஈயத்தின் மேலேயே பூசினால் மறு மழைக்குள் திரும்ப வரும்.

இன்னொரு அறிகுறி ஆளை ஏமாற்றும். சத்தம் குறைவாக இருந்தால் ஒரு பக்கம் காணோம், கூட்டினால் ‘டக்’ என்று வந்துவிடும், அப்புறம் குறைத்தாலும் கொஞ்ச நேரம் இருக்கும். எங்கள் தெருப் பையன் ஒருவன் இதற்காக ஐ.சி. மாற்றினான், டோன் போர்டு மாற்றினான், கடைசியில் பெட்டியோடு வந்தான். புரொடெக்‌ஷன் போர்டில் இருந்த ரிலேயின் பிளாஸ்டிக் மூடியை பிளேடால் நெம்பி எடுத்தோம். உள்ளே இரண்டு ஜோடிக் காண்டாக்ட். ஒன்று வெள்ளியாக மின்னியது. மற்றது அடுப்புக்கரி மாதிரி கருத்திருந்தது. கொஞ்சம் சிக்னல் அந்தக் கருப்பைத் துளைக்காது, கூடுதலாக வந்தால் துளைத்துவிடும். விசிட்டிங் கார்டை மெல்லிய பட்டையாகக் கிழித்து, கிளீனரில் நனைத்து, காண்டாக்ட்டை விரலால் மூடிக்கொண்டு நாலு தடவை இழுத்தோம். பட்டையில் கருப்புக் கோடு விழுந்தது. செட் பேசியது. “இதுக்கா நான் இவ்ளோ செலவு பண்ணேன்” என்றான். உப்புத்தாள் போடாதீர்கள், வெள்ளிப் பூச்சு போய்விடும். இப்படித் துடைத்த ரிலே ஒரு பருவம் ஓடும், அதற்குள் புது ரிலே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. மூடி முழுக்க அடைத்த ரிலேயாகப் பார்த்து வாங்குங்கள்.

வெள்ளத்தில் நனைந்த செட்

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழைக்குப் பிறகு இப்படி மூன்று செட் வந்தன. நனைந்தது தெரிந்தால் ஸ்விட்சைப் போட்டுப் பார்க்கவே கூடாது. வெள்ளத் தண்ணீரில் சேறும் உப்பும் இருக்கும், அதனால் போர்டை முதலில் நல்ல தண்ணீரில் அலசி, ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஊற்றிப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, நிழலில் மூன்று நான்கு நாள் காய வையுங்கள். ரிலே, வால்யூம் கண்ட்ரோல், பெரிய கண்டன்சர்கள் இவற்றைப் போனதாகக் கணக்கில் எழுதிவிடலாம். டிரான்ஸ்பார்மர் மேலே காய்ந்த மாதிரி தெரியும், சுற்றுக்கு நடுவில் உள்ள தாள் ஈரமாகவே இருக்கும். அதை வைண்டிங் கடையில் கொடுத்து சூடேற்றிக் காய வைத்து, பிரைமரிக்கும் இரும்புக்கும் நடுவில் மெக்கரில் (கரண்ட் கசிகிறதா என்று பார்க்கும் மீட்டர்) அளந்து தரச் சொல்லுங்கள். வந்த மூன்றில் ஒன்றைச் சொந்தக்காரரே மொட்டை மாடி வெயிலில் இரண்டு நாள் வைத்துவிட்டு, சீரிஸ் பல்பில் போட்டார். டிரான்ஸ்பார்மர் மட்டும்தான் மாட்டியிருந்தது. பல்பு பளிச்சென்று எரிந்தது, மங்கவே இல்லை.